கழித்து வைத்த படம்

தொண்ணூறுகள் முடியவிருந்த சமயம். கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கணிப்பொறி வந்து சேர்ந்த வருடம் அது. கணபதியில் பம்புசெட் பட்டறை நடத்திவந்த என் மகன், வார்ப்புகளின் வரைபடங்களை வடநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்புவதற்காக வாங்கியிருந்தான். பட்டறையில் இரும்புத் தூள் படிகிறது என்று அதை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து, பக்கத்திலேயே ஸ்கேனர் ஒன்றையும் வைத்தான். பகலில் அதைத் தொடுவதற்கு ஆளில்லை. நூற்பாலை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்த எனக்கோ பகல் முழுவதும் மிச்சமிருந்தது.

அந்நாளிலேயே பட்டப்படிப்பு முடித்து, அலுவலகக் கோப்புகளை ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவன் நான். உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழ்கள்கூட என் பார்வைக்கு வந்த பிறகே அச்சுக்குப் போகும். எங்கள் வீட்டைப் பற்றி வெளியில் ஒரு சொல் பிசகாக வரக்கூடாது என்பதில் எப்போதும் கண்டிப்பாக இருந்திருக்கிறேன். இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு.

மகனின் நண்பர் காட்டிய வழியில் முதியோர் மின்னஞ்சல் குழு ஒன்றில் சேர்ந்தேன். பல நாடுகளில் வசிக்கும் ஓய்வு பெற்றவர்கள், தத்தம் வீட்டின் அன்றாட வாழ்க்கையை ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் குழு அது. ஞாயிறுதோறும் வீட்டில் எடுத்த படம் ஒன்றை அனுப்பி, அதைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டும். அரசியலும் மதமும் பேசக்கூடாது என்ற விதி எனக்குப் பிடித்திருந்தது. இட்லித் துணியிலிருந்து எழும் ஆவி, மொட்டை மாடியில் காயும் வடகம், சிறுவாணித் தண்ணீருக்காகக் குழாயடியில் காத்திருக்கும் குடங்கள் என்று அனுப்பி வந்தேன். இணைப்பு வேலை செய்யும் நேரத்தில் தொலைபேசி வேலை செய்யாது. அவிநாசியிலிருக்கும் மனைவியின் தங்கை, "ஏனுங்க மாமா, உங்கூட்டுப் போனு எப்பப் பார்த்தாலும் எங்கேஜ்டு. வெள்ளைக்காரங்க கிட்ட அப்படி என்னதானுங்க பேசறீங்க?" என்று கேலி செய்வாள்.

என் படங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். அது நானே வகுத்துக்கொண்ட விதி. வீட்டுப் பெண்களின் படம் வாசலைத் தாண்டுவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் அல்ல. என் மகளுக்கு வரன் பார்த்தபோது, பொருத்தம் அமையாமல் போனால், சாதகத்துடன் போன புகைப்படத்தைத் திரும்பக் கைக்கு வாங்கிய பிறகுதான் அடுத்த இடம் பேசுவோம்.

குழுவில் ஒரு ஸ்காட்லாந்து அம்மையார் இருந்தார். கடலோர ஊர் ஒன்றில் தனியே வசித்தவர். அவருடைய படங்களிலும் ஆட்கள் இருந்ததில்லை. மழை வழியும் சன்னல், அடுப்புக் கம்பியில் உலரும் கையுறைகள், மேசைமேல் ஒற்றைக் கோப்பை. நம்மைப் போலவே மானம் மரியாதை பார்க்கிற குடும்பம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு இருந்தது.

என் மகனுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு இரண்டு வயது நிறையவில்லை. அந்த ஆடி மாதத்தில்தான் அவிநாசிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில், உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியிருந்தோம். படம் எடுக்க டவுன்ஹால் பக்கமிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை அழைத்துப் போயிருந்தேன். பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி, சந்தனம் பூசிய மொட்டைத் தலை. ஒரு படத்தில்கூடக் குறை சொல்ல இடமில்லாத ஆல்பம். நெருங்கிய உறவினர் அனைவருக்கும் பிரதி போட்டுக் கொடுத்தோம்.

வீட்டிலும் என்னிடம் ஒரு சிறிய கேமரா உண்டு. அதில் எடுக்கும் படங்களைக் கலர் லேபில் கழுவி வாங்கியதும் தரம் பிரிப்பேன். நன்றாக இருப்பவை ஆல்பத்துக்கு. கண் மூடியவை, தலை வெட்டுப்பட்டவை ஒரு பழுப்பு உறைக்கு. அந்த உறையில் பேத்தியின் படம் ஒன்று கிடந்தது. சின்ன வெங்காயம் கொட்டி வைத்த முறத்தின் நடுவே பழைய கவுனோடு உட்கார்ந்து, நெற்றியில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்க, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் வலக்கண்ணில் சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. இடக்கண் மட்டும் வெள்ளிக்காசு போல வெளுத்திருந்தது. ஃபிளாஷ் கோளாறு என்று கழித்துவிட்டேன்.

அதே ஆடியில் ஒரு மாலைப் பொழுது நினைவிருக்கிறது. விளக்கு ஏற்றும் நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்த மருமகள், தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மாமா, இவ ஒரு கண்ணுல என்னமோ மினுங்கற மாதிரி இருக்குதுங்க. பூனைக்கண்ணாட்டம்."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "இருட்டுல எந்தக் கண்ணும்தான் மினுங்கும். லேசா மாறுகண்ணு இருந்தா யோகமும்பாங்க. பொட்டப்புள்ளைக்கு இல்லாததையெல்லாம் நீயே சொல்லி ஊருக்குள்ள பரப்பி உட்றாத, அம்மணி."

மருமகள் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். எனக்கும் மனைவி சொன்னது நியாயமாகவே பட்டது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, அவரவர் வீட்டிலுள்ள மிகச் சிறியவரின் படத்தை அனுப்புவது என்று குழுவில் முடிவாயிற்று. ஒதுங்கியிருக்கத்தான் நினைத்தேன். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பேரக் குழந்தைகளின் படங்கள் வந்து விழுந்தபோது, என் வீட்டில் மட்டும் குழந்தை இல்லையா என்று ஒரு எண்ணம் எழுந்தது. ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தேன். நகையும் பட்டுமாக இருக்கும் பேத்தியை முகம் தெரியாதவர்களின் பார்வைக்கு வைக்க மனம் ஒப்பவில்லை. அவை உறவினருக்கானவை. வெளியாருக்குக் கழித்த படம் போதும் என்று பழுப்பு உறையைத் திறந்து, வெங்காய முறத்துப் படத்தை ஸ்கேனரில் வைத்து அனுப்பினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பாராட்டு மின்னஞ்சல்கள் வந்திருந்தன. ஸ்காட்லாந்து அம்மையாரின் மடல் மட்டும் குழுவுக்கு வராமல் எனக்குத் தனியாக வந்திருந்தது. பாராட்டு ஒன்றும் இல்லை. குழந்தையின் ஒரு கண் வெண்மையாக ஒளிர்கிறது; அது கேமராவின் தவறாகவே இருக்கக்கூடும்; எனினும் தாமதிக்காமல் ஒரு கண் மருத்துவரிடம் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்; இதனால் உங்கள் மனம் புண்பட்டால் மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார்.

மனம் புண்பட்டது என்பதே உண்மை. எங்கோ கிடக்கும் ஒரு பெண்மணி, என் வீட்டுக் குழந்தைக்குக் குறை சொல்வதா? ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். தாய்மாமன் மடியில், ஆசாரி கையில், அழுகையில், சிரிப்பில், எந்தப் படத்திலும் இரு கண்களும் கருகருவென்றுதான் இருந்தன. நிம்மதியாயிற்று. தங்கள் அக்கறைக்கு நன்றி, தேர்ந்த புகைப்படக்காரர் எடுத்த படங்களில் அப்படி ஒன்றும் காணப்படவில்லை என்று இரண்டே வரியில் பதில் அனுப்பினேன்.

அன்று மாலையே அடுத்த மடல் வந்தது. அந்தப் படங்களும் ஃபிளாஷ் வைத்து எடுத்தவைதானா என்று மட்டும் அந்தப் புகைப்படக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அதன்பிறகு நான் இதைப் பற்றி எழுத மாட்டேன் என்று இருந்தது. அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உறங்கவிடாமல் செய்தது. வம்பு பேசுகிறவர்கள் அப்படி எழுதுவதில்லை.

காலையில் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் கடையைத் திறந்து அப்போதுதான் ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்.

"வாங்கய்யா, வாங்க. ஆல்பத்துல ஏதாச்சும் கொறையுங்களா?"

"குறை ஒண்ணும் இல்லீங்க. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

அவர் சிரித்தார். "கொறையில்லீன்னு சொல்றதுக்குன்னு கடையேறி வந்த மொத ஆளு நீங்கதானுங்கய்யா. சொல்லுங்க."

"குழந்தையோட கண்ணுல ஃபிளாஷ் ஏதாவது அடிச்சிருந்ததுங்களா?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க. இடது கண்ணுல பளிச்சுன்னு வெள்ளை அடிச்சுப்போட்டுதுங்க. அப்படியே குடுத்தா நீங்க என்னைய உடுவீங்களா? ராத்திரி உக்காந்து ஒவ்வொரு படத்துலயும் சன்னப் பிரஷ்ல மை தொட்டு டச் பண்ணிப்போட்டேனுங்க. கண்டுபிடிக்க முடிஞ்சுதுங்களா?"

அதில் அவருக்குப் பெருமை. எந்த வீட்டு விசேஷமானாலும் முகத்துத் தழும்பையும் கண்ணில் விழுந்த வெளிச்சத்தையும் அவர் அப்படித்தான் சரிசெய்து கொடுப்பார். அதற்காகத்தான் காது குத்துக்கு நானும் அவரைத் தேடிப் போயிருந்தேன்.

"எல்லாப் படத்துலயும் இடது கண்ணுல மட்டும்தானுங்களா?"

"ஆமாங்கய்யா. எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் அந்த ஒரு கண்ணுதான். எனக்கே அதிசயமாத்தான் இருந்துச்சு."

நெகடிவ்களைக் கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாசலுக்கு வந்து ஒரு துண்டை வெயிலுக்கு நேரே பிடித்தேன். நெகடிவில் வெண்மை கறுப்பாகத் தெரியும் என்பது தெரிந்ததுதானே. என் பேத்தியின் சின்னஞ்சிறு முகங்களில், ஒவ்வொன்றிலும், இடக்கண் இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. அவருக்கு என்ன பதில் சொல்லிவிட்டு இறங்கினேன் என்பது நினைவில்லை.

வீட்டுக்கு வந்து மருமகளை மட்டும் அழைத்து, "அம்மணி, குழந்தையைக் கிளப்பு. கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்லாம்," என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து, இருட்டறையில் நெடுநேரம் பார்த்தார் மருத்துவர். நடுத்தர வயதுப் பெண்மணி. விளக்கைப் போட்டதும் மருமகளைத்தான் கேட்டார்.

"எத்தனை நாளா இந்த வெள்ளை தெரியுதும்மா?"

"ஆடி மாசத்துல பார்த்தேனுங்க."

"அப்பவே கூட்டீட்டு வந்திருக்கலாமே."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் சொன்னேன், கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

கண்ணுக்குள் கட்டி என்றார் மருத்துவர். அந்தக் கண்ணில் பார்வை எப்போதோ போய்விட்டது. அதைக் காப்பாற்றும் பேச்சுக்கே இடமில்லை. விட்டுவைத்தால் நரம்பு வழியே மூளைக்கு ஏறிவிடும். கண்ணை அப்படியே எடுத்துவிட்டால் குழந்தை பிழைக்கும். அதுவும் இப்போதே எடுத்தால். நல்ல வேளையாக வலக்கண்ணில் ஒன்றும் இல்லை, ஆனால் பல வருடங்களுக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பரிசோதனை அறையில் அழுது களைத்த குழந்தை என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்க முயன்றுகொண்டிருந்தது.

மறுநாளே உடுமலைப்பேட்டையிலிருந்து சம்பந்தி வந்துவிட்டார். தென்னந்தோப்புக்காரர், உரத்த குரல். கூடத்தில் எல்லோரும் கூடினோம். கண்ணை எடுப்பது என்ற சொல்லையே அவரால் தாங்க முடியவில்லை.

"பொட்டப்புள்ளைங்க. கண்ணைத் தோண்டி எடுத்துப்போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் மூலிகைச் சாறு உடறாராமா. ஒரு மண்டலம் உட்டுப் பார்த்துப்போட்டு, அப்பறம் டாக்டருகிட்டப் போலாமுங்க."

என் மகன் சுவரில் சாய்ந்து நின்றான். பட்டறையில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மண்டலத்துக்குள் என்ன நடக்கும் என்பது மருத்துவர் வாயால் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தானுங்க பயமுறுத்துவாங்க. மொதல்ல உங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சுது?" என்றார் சம்பந்தி.

மறைக்க வழியில்லை. வெங்காய முறத்துப் படத்தை அனுப்பியதையும், ஸ்காட்லாந்திலிருந்து வந்த மடலையும் சொன்னேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊட்டுப் புள்ளைய நாடு நாடாக் காட்டீட்டீங்களா சம்பந்தி?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "படிச்சவங்க."

"கண்ணு பட்டுப்போச்சுங்க," என்றாள் மனைவி. நாற்பது வருடத்தை நெருங்கிய தாம்பத்தியத்தில், பிறர் முன்னால் அவள் என்னைக் குற்றம் சொன்னது அதுவே முதல் முறை. "எவளோ ஒரு வெள்ளைக்காரி பார்த்து வெச்சாளே, அன்னைக்கே பட்டுப்போச்சு. அதுக்கு முந்தி எங்கூட்டுப் புள்ள நல்லாத்தான இருந்துச்சு? ஆல்பத்தைப் பாருங்க. எதுல கொறை இருக்குது?"

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். பக்கத்துக்குப் பக்கம் கருகருவென்று கண்கள்.

நான் எழுந்து போய் நெகடிவ் துண்டுகளை எடுத்து வந்தேன். ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, சம்பந்தியைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இந்தக் கறுப்பு என்னங்க?"

"அதுதானுங்க அந்த வெள்ளை. ஆடியிலயே இருந்திருக்குது. ஸ்டூடியோவுல மை வெச்சு மறைச்சிருக்காங்க. நாமதான் அதைப் பிரதி போட்டு உங்களுக்கும் குடுத்திருக்கறோம்."

அவர் துண்டு துண்டாக வாங்கிப் பார்த்தார். கடைசித் துண்டில் அவர் மகனின் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் இரண்டாம் முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தந்தார். ஆனாலும் மனம் இறங்கவில்லை. "இருந்தாலும் பொட்டப்புள்ளைங்களே," என்று மறுபடியும் தொடங்கினார்.

சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த மருமகள் அப்போதுதான் பேசினாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆண்கள் கூடிய இடத்தில் அவள் குரலை நான் கேட்டதில்லை.

"அப்பா, கட்டறக்கு ஆளு வராட்டிப் போகுது, உடுங்க. எம்புள்ள இருந்தாப் போதும். ஒத்தக் கண்ணுல அவ பாக்காதது ஏதாச்சும் இருந்தா, நான் பார்த்து அவளுக்குச் சொல்லிக்கறேன்."

சுவரில் சாய்ந்திருந்த என் மகன் நிமிர்ந்து, "காலையில அட்மிட் பண்ணீரலாமுங்கப்பா," என்றான். சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். அவர் முதுகு குலுங்குவதைக் கண்டும் காணாததுபோல் நாங்கள் இருந்தோம்.

அறுவை சிகிச்சை முடிந்தது. நரம்பின் எல்லை வரை கட்டி வந்திருக்கிறது, அதைத் தாண்டவில்லை என்று சொன்னார்கள். இன்னும் ஒரு மண்டலம் பொறுத்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. மருத்துவரும் சொல்லவில்லை.

கட்டுப் போட்ட கண்ணோடு வீட்டுக்கு வந்த குழந்தைக்கு, என்ன போயிற்று என்று தெரியவில்லை. இடப்பக்கம் இருக்கும் கதவிலும் நாற்காலியிலும் மோதிக்கொள்வாள். மோதியதும் கோபமாக அதைத் தட்டுவாள். ஒருநாள், தாத்தாவான என்னை "அப்பாரு" என்று கூப்பிட்டபடி மடியில் ஏறி, மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து என் இடக்கண்ணின்மேல் வைத்து அழுத்தி, "அப்பாருக்கும்," என்றாள். பஞ்சை எடுக்காமல் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விழுந்து அடிபட்டதில் கண் போயிற்று என்று உறவினரிடம் சொல்லிவிடலாம் எனப் பேச்சு வந்தது. நோய் என்றால் பரம்பரை என்பார்கள், அடிபட்டது என்றால் அத்தோடு போகும் என்றார்கள். வீட்டின் பெயரைக் காக்க அதைவிடச் சின்னக் காரியங்களையெல்லாம் செய்தவன்தான் நான். அந்தப் பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. அதனால் சில வீடுகளில் எங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தங்கள் குழந்தைகளை எங்கள் வீட்டுப் பக்கம் அழைத்து வராமல் ஒதுங்கியவர்களும் உண்டு. மனைவி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வெள்ளித் தகட்டுக் கண்மலர் சாத்திவிட்டு வந்தாள். கடையில் ஒற்றையாகக் கேட்டிருக்கிறாள். சோடியாகத்தான் விற்போம் என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டு, வந்த சேலையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டாள்.

எல்லாம் ஓரளவு அடங்கிய பிறகு ஸ்காட்லாந்து அம்மையாருக்கு எழுதினேன். நிர்வாகக் கோப்புகளில் எத்தனையோ கடிதம் எழுதியவனுக்கு, அந்த ஒரு நன்றிக் கடிதம் எளிதில் அமையவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதினேன். முதலில் நான் அனுப்பிய இரண்டு வரிப் பதிலுக்காக வருத்தம் தெரிவித்தேன். எங்கள் வீட்டார் தங்கள் முகத்தைக் காண விரும்புகிறார்கள், ஒரு படம் அனுப்ப இயலுமா என்றும் கேட்டிருந்தேன்.

நெடுநாள் பதில் இல்லை. பிறகு ஒரு முற்பகலில் படத்தோடு கூடிய மடல் வந்தது. அப்போதைய இணைப்பில் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத்தான் திறக்கும். மருமகளும் குழந்தையோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முதலில் ஒரு கல் சுவர் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். பிறகு கம்பளித் தொப்பியின் குஞ்சம், தொப்பி, அதன் கீழ் சின்ன நெற்றி. இது அந்த அம்மையார் இல்லை, ஒரு குழந்தை என்று தெரிந்தது. இணைப்பு சற்று நின்று, மறுபடி நகர்ந்தது. கண்கள் வந்தன.

ஒரு கண் கறுப்பு. ஒரு கண் வெள்ளை.

மருமகள் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் திருப்பி அழுத்திக்கொண்டாள். வீட்டுப் படியில் உட்கார்ந்து சிரிக்கிற ஒரு சின்னப் பையனின் படம் அது. கீழே மூன்று வரி எழுதியிருந்தார். என் மகன். வெளிச்சம் எப்படி வேடிக்கை காட்டியிருக்கிறது பாருங்கள் என்று நாங்கள் எல்லோரும் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தோம், சட்டம் போட்டு மாட்டினோம். அவன் பள்ளிக்குப் போகும் வயதை எட்டவில்லை.

மானம் பார்க்கிற குடும்பம் என்று நான் நினைத்தேனே, அந்த ஆளில்லாத படங்கள் எல்லாம் அப்போது எனக்குப் புரிந்தன. உலரும் கையுறைகள், மேசைமேல் ஒற்றைக் கோப்பை.

அதன்பின்னும் சிறிது காலம் எழுதிக்கொண்டிருந்தார். செயற்கைக் கண் பொருத்திய பேத்தியின் படத்தை அனுப்பியபோது, அழகாக இருக்கிறாள் என்று எழுதினார். அதுவரை அந்தச் சொல்லை அவர் யாருக்கும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு அவரிடமிருந்து மடல் வரவில்லை. நான் அனுப்பியவை சேரவில்லை என்று திரும்பி வந்தன. குழுவில் இருந்தவர்களுக்கும் விவரம் தெரியவில்லை. மின்னஞ்சல் முகவரியைத் தவிர எங்களுக்குள் வேறு விலாசம் இருந்ததில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேத்தி வளர்ந்துவிட்டாள். புகைப்படத்துக்கு நிற்கும்போது தானாகவே இடப்பக்கம் சற்றுத் திரும்பிக்கொள்வாள். அது அவளுக்கே தெரியாது. காது குத்து ஆல்பம் பீரோவில்தான் இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வெங்காய முறத்துப் படத்தை மருமகள் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் படும்படி கூடத்தில் மாட்டியிருக்கிறாள். என் மனைவி இறக்கும்வரை அந்தப் பக்கம் பார்க்காமலேதான் நடந்துபோனாள்.

உறவினர் வீடுகளில் புதிதாகப் பிறந்த குழந்தையின் படத்தை இப்போதெல்லாம் கைபேசியில் நீட்டுகிறார்கள். நான் உடனே ஒன்றும் சொல்வதில்லை. கிழவருக்கு வாய்விட்டுப் பாராட்டத் தெரியவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்வது எனக்குத் தெரியும். முதலில் இரண்டு கண்களையும் பார்க்கிறேன். முகம் காட்டாமலே போய்விட்ட ஒரு தாய், தன் பிள்ளைக்குப் பயன்படாமல் போன அந்தப் பார்வையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.